டபுள் எக்ஸெல் வருஷம்

11.12.2000

ரம்ஜான் கூட்டம். எங்கள் துணிக்கடை இருக்கும் எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து சௌக்கத் அலி பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னிடம் கேட்கிறார்: “கொழலி, வர்ற வருஷம் இன்னா ஓடும்?”

பாம்பேக்குச் சரக்கு எடுக்கப் போகும் முன் பாய் இதைக் கேட்பது வழக்கம். கேட்பது எங்கள் சீனியர் தண்டபாணி அண்ணனை. என்னை இதுவரை கேட்டதில்லை.

அண்ணன் முந்திக்கொண்டார். “எலெக்சன் வருது பாய். கரை வேட்டி ஓடும். பொம்பளைங்களுக்கு எப்பவும் போல பொடவ.”

நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது பாருங்கள். “சுடிதார் பாய். வயசுப் பொண்ணுங்களுக்கு இல்ல. அம்மாங்களுக்கு. டபுள் எக்ஸெல், த்ரிபிள் எக்ஸெல்.”

கடையே சிரித்தது. துணி பார்த்துக்கொண்டிருந்த அம்மாகூடச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பாய் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

12.12.2000

ஏன் அப்படிச் சொன்னேன்? பஸ்ஸில் யோசித்தேன்.

கல்யாணமான பெண்கள் இப்போது நிறையப் பேர் வேலைக்குப் போகிறார்கள். மணலி கம்பெனி, பாரிமுனை ஆபீஸ். ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே, புடவை சக்கரத்தில். சிலர் வண்டியே ஓட்டுகிறார்கள். சுடிதார் வராமல் எப்படி இருக்கும்?

எல்லாம் சரிதான். ஆனால் — எனக்கு ஆசை. அதுதான் நிஜம். கல்யாணம் ஆகித் திருவொற்றியூர் வந்த முதல் வாரமே அத்தை என் சுடிதாரையெல்லாம் மடித்துக் கையில் கொடுத்து, “தங்கச்சிக்குக் குட்து அனுப்புமா. இங்க மருமவ பொடவதான்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானும் புளியந்தோப்பு அம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அப்போ நான் சொன்னது கணிப்பா, வேண்டுதலா?

19.12.2000

பாய் கூப்பிட்டார். “ஒரு பேல் மூட்ட சுடிதார் எடுக்கறேன். கலர நீ சொல்லு. ஓடலன்னா கவுண்டர வுட்டுட்டு மாடி குடோன்ல போயி மூட்ட அடுக்கணும். சரியா?”

சரி என்றுவிட்டேன். குடோனில் வெளிச்சம் கிடையாது, பேச மனுஷர் கிடையாது. பேசாமல் இருக்க எனக்கு வராது. ஆனாலும் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர், “இன்னாமா, லாட்டரி வுழுந்துச்சா?” என்றார்.

வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். “அம்மா காதுல வுழுந்துடப் போவுது” என்று கிசுகிசுத்தார். செருப்பு மாட்டும்போது, “மெரூன் சொல்லு, உனக்கு எடுப்பா இருக்கும்.” எனக்கா எடுக்கிறார்கள்? பைத்தியம்.

மெரூனும் சொல்லியிருக்கிறேன்.

31.12.2000

நானும் வருஷ பலன் எழுதிவைக்கிறேன். தெருவுக்குத் தெரு ஷேர் ஆட்டோ வரும். சட்டைப்பையில் போன் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்பார்கள். தண்டபாணி அண்ணன் தோற்பார். எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி நேரத்துக்கு வரும் — இது மட்டும் வேண்டுதல் கணக்கு.

18.1.2001

பேல் வந்தது. தண்டபாணி அண்ணன் ஒன்றை விரித்து, “இதுல குடும்பமே பூந்துக்கலாம் போல கீதே” என்றார். தன் மேல் வைத்தும் பார்த்துக்கொண்டார். சரியாகத்தான் இருந்தது.

2.2.2001

ஒன்று விற்றது. மறுநாளே திரும்பி வந்தது. “மவன் திட்றான்மா,” என்றார் அந்த அம்மா. மகன் திட்டுவான் என்பதை நான் கணிக்கவில்லை.

9.3.2001

ஓடலை. கரை வேட்டி கட்டுக் கட்டா போவுது. அண்ணன் விசிலடிச்சிகினு கீறார். பாய் இன்னிக்கு என்னைப் பார்த்துட்டு மாடிப்படியைப் பார்த்தார். கிண்டலா, நிஜமா? தெரியலை. ஒரே பேஜாரு. நான் எதுக்குப் பெரிய இவளாட்டம் வாயத் தொறந்தேன்?

27.4.2001

தண்டையார்பேட்டையிலிருந்து நாலு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முன்னால் நின்றவரை மற்றவர்கள் ஜஹானாரா டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

“பெரிய சைசு சுடிதார் கீதாமே. நாலு பேருக்கும் எடும்மா.”

எதற்கு என்று கேட்டேன்.

“சுகர்மா. டாக்டரு காலைல நடக்கச் சொல்லிட்டாரு. பொடவ கால்ல தட்டி இவ நேத்து வுழுந்தே எழுந்துட்டா.”

சுகர்! ஆபீஸ் இல்லை, வண்டி இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. நான் அடுக்கிய காரணம் ஒன்றுகூட இல்லை. பில்லை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

6.5.2001

வட சென்னைக்கே சுகர் போல. தினமும் வருகிறார்கள். “டாக்டர் சொன்னாரு” என்றால் மகன் வாய் திறப்பதில்லை, புருஷன் வாய் திறப்பதில்லை. தண்டபாணி அண்ணன் இப்போது வாசலிலேயே, “அக்கா, நடக்கறதுக்கா? வாங்க வாங்க” என்று மடக்குகிறார். பாய் பாம்பேக்குப் போன் போட்டு அடுத்த பேல் சொல்லிவிட்டார்.

ஊருக்குச் சர்க்கரை வந்ததற்கு நான் குதிக்கலாமா? நடக்கிறார்களே, அதற்குக் குதிப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

14.7.2001

அத்தை குழாயடியில் மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்துப் பார்த்தால் அவங்களுக்கும் அதுதான், ரொம்ப அதிகம். மாத்திரை கொடுத்து, நடக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்.

18.7.2001

அத்தை புடவையோடு மாட வீதியில் நடந்தார். தடுக்கி விழுந்து முட்டியில் சிராய்ப்பு. மருந்து போட்டுவிட்டேன்.

சுடிதார் போடுங்க என்று சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லலை. என் ஆசைக்கு அவங்க உடம்பு சாக்கா? நாக்கைக் கடிச்சுக்கினேன். பேசாமல் இருக்கவும் எனக்கு வருகிறது.

22.7.2001

அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தை சொன்னது, அப்படியே எழுதுகிறேன்:

“உங்க கடைல அந்தப் பெரிய சைசு ஒண்ணு எட்தாயேன். பூ கீ போட்டது வாணாம்.”

சரி அத்தை என்றேன்.

கொஞ்ச நேரம் வெங்காயம் நறுக்கினார். அப்புறம், “உனுக்கும் ஒண்ணு எடு. நான் மட்டும் போட்டுகினு போனா ஊரு என்னியே பாக்கும். நீயும் வந்தா பாதி உன்னப் பாக்கும்.”

மொட்டை மாடிக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன். கீழே வந்தபோது அவர் கேட்டார்: “இன்னாடி, கண்ணெல்லாம் தண்ணி?” வெங்காயம் என்றேன்.

29.7.2001

நடந்தோம். அத்தை சாம்பல் நிறம், நான் பச்சை.

பால் பூத்தில் நின்ற எங்கள் தெரு ராமசுப்பு அண்ணாச்சி அத்தையைப் பார்த்து, “என்ன வேம்பு, காலேஜுக்கா?” என்றார்.

“ஆமா, பர்ஸ்ட் இயரு,” என்றார் அத்தை, நிற்காமலே.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் கோயில் மூலை திரும்பிவிட்டார், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. பிடிக்க ஓடினேன்.