உன் பெயருக்குப் பூசை வைக்கவில்லை

என் சூசையண்ணனுக்கு,

சபையில் எல்லோருக்கும் நீ ஜோசப் பிரதர். எனக்கு மட்டும் கடைசிவரை சூசைதான். கோபித்துக்கொள்ளாதே. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூடாதாம், உன் பாஸ்டர் சொன்னார். நீ மகிமையில் இருக்கிறாயாம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லையாம். நான் கேட்பேன். எப்படி இருக்கிறாய், அண்ணா?

இங்கே வெள்ளிமலை பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்துவிட்டான். "உங்கண்ணன் ஓட்டுனா கண்ண மூடிகினு தூங்குவோம். இவன் ஓட்டுனா கண்ண மூடிகினு சாமி கும்புடுறோம்" என்று கள்ளக்குறிச்சிச் சந்தையில் ஒரு மலைக்காரம்மா சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

நம் மாதா கோயிலை விட்டு அந்தச் சபையில் சேர்ந்து, கோமுகி ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துவிட்டு, ஈரத்துணியோடு நம் வாசலில் வந்து நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? "லூர்து, இன்னியோட நான் ரட்சிக்கப்பட்டவன்" என்றாய். அப்படியானால் கைக்குழந்தையில் சாமியார் உன் தலையில் தண்ணீர் ஊற்றினாரே, அது என்ன கணக்கு என்று அம்மா அழுதாள். நீ அவளுக்கும் பிரசங்கம் வைத்தாய். உனக்கு நேரம் காலமே கிடையாது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் சோறு ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம்.

"நீ செத்தா எங்க போவ, சொல்லு பாப்போம்?" என்று நீ ஆரம்பிப்பாய்.

"ஆண்டவரு எரக்கம் வச்சா மோட்சம். நடுவுல பாவக்கறை தீர உத்தரிக்கிற ஸ்தலத்துல கொஞ்ச நாளு. என்னாத்துக்கு இப்ப அது?"

"எனக்கு டிக்கெட்டு கன்பார்ம் ஆயிட்டுது. நீதான் வெயிட்டிங் லிஸ்டுல கெடக்குற."

"தலகனம் புடிச்சவங்கள நடுவழியில எறக்கி வுட்டுடுவாங்க, பாத்துக்க!"

எஸ்தர் அண்ணி மீன்குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். "ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுப் போங்க மோட்சத்துக்கு" என்பாள். அப்படி ஒரு நாள் சாப்பிட்ட கையோடுதான் என்னிடம் சத்தியம் வாங்கினாய். "நான் செத்தா உங்க கோயில்ல எம் பேருக்குப் பூசை கீசைன்னு ஒண்ணும் வைக்கக் கூடாது. அப்பிடி வச்சா நான் போய்ச் சேரலன்னு ஊருக்குச் சொல்றாப்பல ஆயிடும்." இருந்த எரிச்சலில், சரி போ என்று உன் கையில் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் நீ நோவில் விழுந்து கிடந்த அந்த ஆஸ்பத்திரி மத்தியானம். அண்ணி கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

"லூர்து, பயமா இருக்குது."

மலைப்பாதை வளைவுகளில் மழையிலும் மூட்டத்திலும் வண்டி ஓட்டிய ஆள் நீ.

"சபையில நான் பாடுனது, எந்திரிச்சு நின்னு சாட்சி சொன்னது எல்லாம் நெசமா எம் மனசுலேர்ந்துதான் வந்துச்சா? இல்ல, வெறும் வாய்ப்பழக்கமா? ஆண்டவரு என்ன ஏத்துக்குவாரா?"

பைக்குள் கிடந்த ஜெபமாலைக்குக் கை போனது. உனக்குப் பிடிக்காதே என்று விட்டுவிட்டேன். எனக்கோ எழுதி வைத்த செபம்தான் தெரியும், உங்கள் சபைக்காரர்களைப்போல் சொந்தமாய்ப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் வாய்விட்டுக் கேட்டேன். "ஆண்டவரே, இவன் எங்கண்ணன். இவன வுட்டுடாத." அவ்வளவுதான் வந்தது. நீ ஆமென் சொன்னாய்.

"நீ இன்னா நெனைக்கிற? போயிடுவேனா?"

"போவண்ணா. நிச்சயமா போவ."

மோட்ச விஷயத்தில் நிச்சயம் என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எந்தத் தைரியத்தில் சொன்னேன்? இன்றைக்கும் எனக்கே தெரியவில்லை. நீ கண்ணை மூடித் தூங்கினாய். மறுநாள் விடிந்தபோது போய்விட்டாய்.

அடக்கத்தில் உன் பாஸ்டர், "நம்ம பிரதர் ஒரு துளி பயமில்லாம போனாரு" என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சபையில் அந்த உறுதிதானே உன் மரியாதை? அண்ணி வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அழுதால் அவிசுவாசம் என்பார்களென்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அந்த அண்ணி போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள். பாதியாகிவிட்டாள், அண்ணா.

"சபையில சாட்சி சொல்லுன்னு எழுப்பி வுடுறாங்க லூர்து. எந்திரிச்சு நின்னா நாக்கு ஒட்டிக்கினு வரமாட்டேங்குது. அவருக்கு இருந்த உறுதி எனக்கு இல்ல. அப்ப நான் ரட்சிக்கப்படவே இல்லியா? அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆயிடுவேனா?"

உன் பெயரைக் காப்பாற்றுவதா, உன் பெண்டாட்டியைக் காப்பாற்றுவதா? நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் சொல்லிவிட்டேன். நீ பயந்தது, கேட்டது, முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டது, ஒன்றுவிடாமல்.

"அடிப் பாவி, இத இத்தினி நாளா வயித்துக்குள்ள வச்சிகினு இருந்தியா!" என்று என் முதுகில் இரண்டு வைத்தாள். அப்புறம் என் மடியில் விழுந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "அந்த மனுசன் எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேரும் சேந்து பயந்திருப்போமே."

ஏன் அவளிடம் சொல்லவில்லை, அண்ணா?

கிளம்பும்போது என் காதருகே வந்து, "உங்க கோயில்ல அவருக்கு ஒரு பூசை வையேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். உன் முப்பதாம் நாளன்று பூசைக்குப் பெயர் கொடுக்கச் சாமியார் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள் நான். "வேணாம் அண்ணி, சத்தியம் வாங்கிட்டான்" என்றேன்.

அதை மீறமாட்டேன். உன் பெயர் எங்கள் பீடத்தில் வாசிக்கப்படாது. இனி ஞாயிறுதோறும் அண்ணி என்னோடுதான் சாப்பிடுவாள், அவள் பயப்படும்போது பக்கத்தில் நான் இருப்பேன். ஆனால் தினமும் உனக்காக நான் முட்டி போடுவதைத் தடுக்க நீ சத்தியம் வாங்கவில்லை. நீ சொன்னதுபோலவே போய்ச் சேர்ந்திருந்தால் என் செபம் உனக்குத் தேவையில்லை, அத்தனையும் வீண். வீணாகவே போகட்டும், அண்ணா. அதைத்தான் தினமும் கேட்கிறேன்.

உன்னோடு சண்டை தீராத தங்கச்சி,
லூர்து