மழைத்தண்ணியில் முளைத்த உங்கள் பயறு

மச்சாள்,

சாமியறை அலுமாரியைத் துடைக்கும்போது உங்கள் பால்மாத் தகர ரின் கையில் பட்டது. மூடியைத் திறந்ததும் காய்ந்த வேப்பிலை மணம். உள்ளே, என் மூத்தவளின் கலியாண முளைப்பாலிகைக்கு நீங்கள் தந்த நவதானியத்தின் மிச்சம்.

அன்று அதில் அளந்தெடுத்து நீங்கள்தான் ஊறவைத்துத் தந்தீர்கள். "இஞ்சை பாரும், சட்டிக்குத் தண்ணி கனக்க விடாதையும், அழுகிப்போம்," என்றீர்கள். சுமங்கலிகள் இட்டார்கள். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக்கிணற்றுத் தண்ணீரை நான்தான் காலை மாலை தெளித்தேன். கலியாணத்தன்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாய் மஞ்சள் முளை. சனத்துக்கு முன்னால் கேட்டேன்: "புருசன் இல்லாத நீங்கள் ஏன் மச்சாள் விதையிலை கை வைச்சனீங்கள்?"

"ஓம், பிழைதான்," என்றுவிட்டுப் பின்பக்கத்தால் போனீர்கள். சாப்பிடவும் வரவில்லை. வருசம் திரும்பமுன் நீங்களே இல்லை.

இப்போது கிணற்றில் சாயமணம் அடிக்கிறது. பின்வேலிக்கு அங்கால், நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையின் கழிவுதான் ஊறி வருகிறதாம். அப்போதும் தண்ணீர் ஒரு மாதிரித்தான் இருந்தது. கிணறு உவராகுது என்று இருந்துவிட்டோம்.

மனம் கேட்கவில்லை. ரின்னில் கிடந்த உங்கள் பயற்றைப் பொறுக்கி, மூன்று தேங்காய்ச் சிரட்டைகளில் பத்துப் பத்தாக இட்டு, நாளும் கொப்பியில் எழுதினேன். மழைத்தண்ணீரில் ஒன்பது முளைத்தது. கிணற்றுத் தண்ணீரில் இரண்டு, அதுவும் வேர் கறுத்து. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து விட்டதில் எட்டு. ஆனால் அதுதான் எல்லாவற்றையும்விட உயரம்!

இளையவள் எட்டிப் பார்த்தாள். "அப்ப உந்தக் கிணத்துத் தண்ணி நஞ்சோ, உரப் பசளையோ அம்மா?"

"எனக்கென்னடி தெரியும்? நான் என்ன கம்பஸிலை சயன்ஸ் படிச்சனானே?"

தலை சுற்றுகிறது மச்சாள். விதையைக் கொல்லுகிற தண்ணீர் பாதியானால் எப்படி வளர்க்கும்? அந்தச் சிரட்டைக்கு வெயில் கூடப் பட்டதோ? நான் எண்ணினது பிழையோ? பிள்ளையாரைக் கேட்டேன். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தேன். உங்கள் விதையில் பழுதில்லை, உங்கள் கையிலும் இல்லை. அது மட்டும் விளங்குகிறது.

வாற தையில் இளையவளுக்குக் கலியாணம். ரின்னில் ஒரு பிடி மிச்சம் பிடித்திருக்கிறேன். பானையில் மழைத்தண்ணீரும் மூடி வைத்திருக்கிறேன். "இது ஆற்றை விதை, ஆர் தந்தது?" என்று பெண்டுகள் கேட்பார்கள். உங்கள் பேரைச் சொல்லுவேன். அன்றைக்கு உங்களை என்ன கேட்டேன் என்பதையும் அதே சனத்துக்கு முன்னால் சொல்ல வாய் வருமோ, அதுதான் தெரியவில்லை.