நெல்லுக்கு ஆள் வேண்டும்

செந்தமிழின் அப்பாவுக்கு,

போன் நம்பரை மாற்றிவிட்டீர்களாமே. புது நம்பரைக் கேட்டால் உங்கள் தம்பி தரையைப் பார்க்கிறார். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று வேன் நிறைய சவுக்குக் கன்றோடு வயலில் வந்து நின்றார். "அண்ணி, அண்ணன் சொல்லிட்டாரு. சவுக்கு வெச்சா நாலு வருஷம் யாரும் எட்டிப் பாக்க வேணாம். சோத்துக்குத்தான் ரேஷன் அரிசி இருக்குதே" என்றார்.

"ஊரே சவுக்கு வெச்சா ரேஷன் கடைக்கு அரிசி எவன் வயல்லேர்ந்து வரும்?" என்று கேட்டேன்.

கத்தினார். நான் போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றதும், சேற்றில் சவுக்குக் கன்று நட முடியாமல் வேன் திரும்பிப் போய்விட்டது.

இந்தப் பிரம்மதேசத்தில் சவுக்கு வைத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் ஊரை விட்டுப் போனவர்கள். இருக்கிறவர்கள் நெல்தான் வைக்கிறோம். மழை பிடித்தால் உப்பளத்தில் எனக்கு வேலை நின்றுவிடும். பிள்ளைகளுக்கும் உங்கள் அம்மாவுக்கும் பசி நிற்காது.

திருப்பூரில் உங்களுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாற்று விட்டிருக்கிறேன். தை மாதம் அறுப்பு. வந்தால் உங்களுக்கும் சோறு போடுவேன். வராவிட்டால், அடுத்த போகமும் நெல்தான்.

இங்கேயே இருப்பவள்