மதினி குதிகால் வைத்த இடம்

மதினி,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பாவும் உங்கள் தம்பியும் தூங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் தார் வாடை போகவில்லை. அந்த வாடைதான் என்னை உங்களிடம் இழுத்து வந்துவிட்டது.

இந்த வருஷம் நம் கண்மாய் பெருகிவிட்டது. நீங்கள் போன பிறகு வேப்பமரத்தடியில் கவிழ்ந்தே கிடந்த அலுமினியப் படகை இன்று சாயங்காலம் உங்கள் தம்பி நிமிர்த்தினார். கல்லடுக்கி அதன்மேல் ஏற்றி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். நான் அடியில் குனிந்து, சொட்டுகிற இடத்துக்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஏழு இடம். தண்ணீரை வடித்துவிட்டு, தகடுகளைச் சேர்த்திருக்கும் ரிவிட்டு ஆணிகளை இரும்புச் சுத்தியலால் இறுக்கித் தார் பூசினார். படகு முன்பக்கம் சாய்ந்திருந்ததால் பின்பக்கம் தண்ணீர் ஏறவே இல்லை.

“பின்னாலயும் ஊத்திப் பாத்துருவமே” என்றேன்.

“அது அக்கா அடிச்ச ரிவிட்டு. அசையாது. அதுல கை வைக்காத பிள்ள.”

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். விடிந்ததும் வலை போடப் போகிறார். பாப்பாவையும் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு நாலு வயது. நீச்சல் தெரியாது.

நீங்கள் அந்த ரிவிட்டுகளை அடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பட்டாசுக் கம்பெனி லீவு, ஞாயிற்றுக்கிழமை. இரும்புச் சுத்தியலைத் தள்ளி வைத்துவிட்டு மரச்சுத்தியலை எடுத்தீர்கள்.

“மரத்தால அடிச்சா ரிவிட்டு நசுங்குமா மதினி?”

“பொறி பறந்துரும்னு இருவது வருசமா மருந்து ரூம்ல இரும்பத் தொட்டதில்ல. எடுத்தாலே கை கூசுதுத்தா.”

“ஏன், கண்மாய்த் தண்ணியில தீப்பிடிச்சிருமாக்கும்?”

“ஒன் வாயவிடப் பெரிய சரவெடி எங்க கம்பெனியிலயே கிடையாது. பேசாமப் பிடி!”

அடுத்த வாரம் நாம் இருவர் மட்டும் போனோம். நடுக்கண்மாயில் இடது குதிகாலைப் படகின் தரையில் ஊன்றி உட்கார்ந்தவர், கரை வரைக்கும் காலை எடுக்கவில்லை. கம்பெனி வேனில் இடம் பிடிக்க நடக்கும் சண்டையைச் சொல்லிச் சிரித்தபடியே துடுப்புப் போட்டீர்கள். கரையில் காலை எடுத்ததும் அந்த இடத்திலிருந்து தண்ணீர் குபுக்கென்று வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

“ஏன் மதினி அங்கனயே சொல்லல?”

“சொன்னா நீ பதறி எந்திரிப்ப. எந்திரிச்சாக் கவுந்துரும்.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “தம்பிகிட்ட மூச்சு விட்டுராத. அப்புறம் என்னையப் படகுப் பக்கமே விட மாட்டான். ஆறு நாளும் அந்த ரூம்ல பயந்துக்கிட்டே ஒக்காந்துருக்கேன். இங்கன வந்தாத்தான் எனக்குக் காத்து.”

நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் தாரைக் கனமாக அப்பினீர்கள். அப்புறமும் குதிகாலை அங்கேதான் வைத்தீர்கள். நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சற்று முன் டார்ச்சோடு போய் அந்தத் தாரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பொருக்காக உதிர்ந்தது. உள்ளே ரிவிட்டு, விழப்போகிற பல்லைப்போல ஆடியது. அதன் பக்கத்தில் இருந்ததும் ஆடியது. வரிசையாக நாலு. அன்றைக்குக் கால் வைக்க நீங்கள் இருந்தீர்கள், மதினி. நாளைக்கு அந்த இடத்தில் உட்காரப்போவது பாப்பா.

இவருக்கு உங்கள் கைவேலை என்றால் சாமி மாதிரி. அதைக் குறை சொன்னால் எப்படித் தாங்குவார் என்று தெரியவில்லை. உங்களுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பதும் இந்த ஒரு ரகசியம்தான். சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும்.

ஆனால் படகு இன்னும் கரையில்தான் இருக்கிறது. கரையில் பதறினால் யாரும் முழுகிவிட மாட்டார்கள். அவர் எழுந்ததும் சொல்லிவிடப் போகிறேன். கேட்க மாட்டேன் என்றால் படகின் குறுக்கே படுத்துக்கொள்வேன்.

உங்களுக்குச் சம்மதம்தானே? கனவிலாவது வந்து சொல்லுங்கள். நேரம் அதிகமில்லை, மதினி. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.