நீ உடைத்த முன்பல்

இன்று காலை டாக்டரம்மா கையுறை போட்ட விரலை என் வாய்க்குள் விட்டதும் ரப்பர் வாசம் அடித்தது. உடனே நீ வந்துவிட்டாய். பல் ஆஸ்பத்திரியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறபோதுகூட என்னை நிம்மதியாக விடமாட்டாயா?

பதினெட்டு வருஷம் கடலுக்கு அடியில் நான் கடித்துக்கொண்டிருந்த குழாய்முனை ரப்பருக்கும் இதே வாசம்தான். நான் கீழே சங்கு பொறுக்குவேன். நீ வள்ளத்தில் இருந்துகொண்டு என் காற்றுக் குழாயையும் இடுப்புக் கயிற்றையும் பிடித்திருப்பாய். நீ கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால், நல்லா இருக்கியா என்று கேட்கிறாய். நான் ஒரு இழுப்பு இழுத்தால், இருக்கிறேன். மூன்று இழுப்பு என்றால், தூக்கு. நாம் இருவரும் சண்டை போடாமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

பத்து நாளாக என் வாய் என் வாயாக இல்லை. மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் கொஞ்சமாக ராவி, மேலே வெள்ளையாக ஓடு ஒட்டியிருக்கிறார்கள். வெனீர் என்று அதற்குப் பெயர். நிலையான ஓடு வெளியூரில் தயாராகிறது. அது வந்து சேர்கிறவரைக்கும் இது தற்காலிக ஓடு.

எல்லாம் உன்னால் வந்தது. நீ செத்த முதல் வருஷப் பூசையில் பைபிள் வாசகம் நான்தான் வாசிப்பேன் என்று பங்குச்சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஆமாம், நானேதான். நீ போன பிறகு, பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பில் சேர்ந்து படித்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் ஆள் வைத்து எழுதவில்லை. ஏரல் பஸ் எது என்று இப்போது எனக்குத் தெரியும். அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, திருச்செந்தூர் எப்போது வரும் என்று நான் கேட்ட கதையை இனிமேல் நீ யாரிடமும் சொல்ல முடியாது. உப்புப் பாக்கெட்டிலிருந்து மக்ரூன் டப்பா வரைக்கும் ஒன்றையும் வாசிக்காமல் விடுவதில்லை.

வாசகம் கிடைத்ததை மகளிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு என் வாயைப் பார்த்தாள்.

“மேடையில நின்னு வாசிக்கப் போறிய. இந்த ஒடஞ்ச பல்லோடயாப்பா?”

“வாசிக்கப் போறது கண்ணுல்லா. பல்லா வாசிக்கப் போவுது?”

“ஊரு பாக்கப் போறது பல்லத்தான்.”

பல் ஆஸ்பத்திரிக்குப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். நாக்கு சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. ஒரு ஓட்டின் விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பு. பொந்துக்கு வெளியே கால் நீட்டிப் பார்க்கிற நண்டு மாதிரி, அதைப் போய்ப் போய்த் தடவிவிட்டு வருகிறது. மேலுதடு சரியாக மூடவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் உச்சிமண்டைக்கு ஏறுகிறது. சூடான தேநீரும் ஆகவில்லை. தலையோடு மீனைத் தின்கிறவன் நான். எனக்கு மகள் முள்ளெடுத்து உதிர்த்துப் போடுகிறாள். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. சரிசெய்ய மூன்று தடவை போனேன். நீலத்தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட இடத்தை மட்டும் ராவிவிடுகிறார்.

“இப்ப எப்படி இருக்கு அய்யா?”

“வேற ஆளு பல்லக் கடன் வாங்கி மாட்டுன மாதிரி இருக்கும்மா.”

“பழகிரும். சத்தமா வாசிச்சுப் பாருங்க, நாக்கு சொன்னபடி கேக்கும்.”

வாசித்தேன். ‘ச’ வருகிற இடத்திலெல்லாம் விசில். காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு சத்தம் வருமே, உஸ் என்று, அதே சத்தம். அந்த வாசகத்தில் வரிக்கு இரண்டு ‘ச’ இருக்கிறது. ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் கொண்டுவந்தேன். இப்போது வாயே அதை வெளியே தள்ளுகிறது.

“சாமியார்ட்ட சொல்லி வேற ஆளப் போடச் சொல்லுவோமாப்பா?” என்றாள் மகள். முடியாது என்றேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

ஒரு நாள் கடலுக்குப் போகிற வழியில் நீ தினத்தாளை உரக்க வாசித்துக்கொண்டு வந்தாய். நான் எட்டிப் பார்த்தேன். உடனே அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய்: “ஏலே, நான் செத்தா என் பூசையில இவன்தாம்ல வாசகம் வாசிப்பான்.” வள்ளமே சிரித்தது. நான் ரப்பரைக் கடித்துக்கொண்டு குதித்துவிட்டேன். கீழே போன பிறகு நீ ஒரு இழுப்பு இழுத்தாய். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி இழுத்தாய். கிடந்து பதறட்டும் என்று பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான். இன்னும் இரண்டு ஆளைச் சேர்த்துக்கொண்டு மூட்டையை இழுக்கிற மாதிரி என்னை இழுத்தாய். வள்ளத்தின் விளிம்பில் என் முகம் மோதியது. முன்பல்லின் முனை போயிற்று. நான் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் ஒன்று வைத்தாய். “செத்துட்டியோன்னு நெனச்சேம்ல, மூதி!” என்றாய்.

ஒரு இழுப்புக்குப் பதில் சொல்லாததற்கு என் பல்லை உடைத்தவன் நீ. இப்போது ஒரு வருஷமாக நீ எதற்குமே பதில் சொல்லவில்லை. உன்னை நான் என்ன செய்ய?

பூசைக்கு முந்தின நாள் மனம் ஒரு நிலையில் இல்லை. வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு வலையில் கிழிசலைச் சரிசெய்துகொண்டே வாசகத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முடிச்சுப் போட்டேன். மிச்ச நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கத்தரி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. நம் தெருவில் எவன் நூலைக் கத்தரியால் வெட்டியிருக்கிறான்? டிக் என்று ஒரு சத்தம். ஒரு ஓடு போய்விட்டது.

மகள் வலையை உதறி, கண்ணி கண்ணியாகத் தடவி, அரை மணி நேரம் கழித்துக் கண்டெடுத்தாள். ஒரு மீன் செதில் அளவுதான் இருந்தது.

“டாக்டர் அத்தன தடவ சொன்னாவல்லாப்பா? மீனுகூட ஒரு தடவ தூண்டில்ல தப்பிச்சா அந்தப் பக்கம் வராது!”

“பல்லு தானா கடிச்சிட்டும்மா.”

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். இனி செவ்வாய்க்கிழமைதான் என்றார்கள். கண்ணாடியில் பார்த்தேன். இருந்த நான்கில் விழுந்தது நீ உடைத்த பல்லின் ஓடு. பளபளவென்று இருந்த மற்ற மூன்றுக்கும் இடையில் உன் வேலை மட்டும் தனியாக இளித்துக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே மேடை ஏறினேன். உன் வீட்டுக்காரி முதல் வரிசையில் இருந்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தப் பல்லில் காற்றுப் பட்டுக் கூசியது. முதல் ‘ச’ வந்தது. விசில் இல்லை. அடுத்ததும் சுத்தமாக வந்தது. நாக்கு நேராக அந்த உடைந்த முனைக்குப் போய் நின்றுகொண்டது. இத்தனை வருஷமாக அதற்குப் பழகிய இடம். நான் அவசரப்படவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனேன். கடைசி வரியை முடித்து நிமிர்ந்தபோது கோவிலில் யாரும் சிரிக்கவில்லை.

நீ சிரிக்காமல் இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் உன் வீட்டுக்காரி, “நல்லா வாசிச்சிய அண்ணே” என்றாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். “அவுக ஒடச்ச பல்ல மட்டும் விட்டுட்டியளோ?”

இன்று காலை டாக்டரம்மா விழுந்த ஓட்டை மறுபடியும் ஒட்டினார். நிலையான ஓடு வந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது என்று ஆறுதல் சொன்னார். நான் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தேன்.

“இந்த ஒரு பல்ல மட்டும் முனை ஒடஞ்ச மாதிரியே செஞ்சு தாங்கம்மா.”

“அய்யா, ஒடஞ்ச பல்ல சரி பண்ணத்தான் எல்லாரும் எங்கிட்ட வருவாங்க.”

“இது சரியாத்தான் ஒடஞ்சிருக்கு.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா, ஓடு செய்கிற இடத்துக்கு அனுப்புகிற தாளில் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். எனக்குத் தமிழில் எழுதித் தாருங்கள், நான் சரிபார்க்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே வேறொரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கேயே எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். உடைந்த முனை அப்படியே இருக்கட்டும்.

சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. உடைத்தது யார் என்று அதில் இல்லை. அதை இங்கே எழுதிவிட்டேன்.