அது மாத்திரை இல்லை

மார்ச் 4
இன்றும் பாதி வழியில் பேருந்தை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். பெட்ரோல் பங்க்காரர் கழிப்பறைச் சாவியை எடுத்துத் தருவதற்குள் உயிர் போய் வந்தது. டிப்போ மேலாளர் கூப்பிட்டு, "முதல்ல வயித்தைச் சரி பண்ணும்மா, அப்புறம் வண்டியைத் தொடலாம்" என்றார். நாளை முதல் ஸ்டியரிங் இல்லை. பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல். குடைக்கு எதுக்குடா காவல்?

மார்ச் 9
குடல் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "குடல் பளிங்கு மாதிரி இருக்கு. டென்ஷனைக் குறைங்க." பளிங்காம்! ஓடுவது நான்தானே. வீட்டுக்காரரும், "அதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாரே" என்கிறார். ஒன்றும் இல்லாமலா சட்டை இப்படித் தொளதொளக்கிறது?

மார்ச் 10
பற்றிக்கொண்டு வருகிறது. எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2
அக்கா சண்டை போட்டு வேறு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா இந்த மாதிரிக் குடல் நோயில் ஆராய்ச்சி செய்கிறார். மறுபடி குழாய். இந்த முறை குடலில் அங்கங்கே துளிச் சதை கிள்ளி எடுத்தார்.

ஏப்ரல் 11
என் நோய்க்குப் பெயர் இருக்கிறது! நுண் பெருங்குடல் அழற்சி. "வெறும் கண்ணுக்குத் தெரியாதும்மா. மைக்ரோஸ்கோப்புல வச்சாத்தான் தெரியும்." அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கொஞ்சம் கிள்ளிப் பார்க்க அந்தப் பளிங்கு மனுஷனுக்கு என்ன கேடு?

ஆராய்ச்சியில் சேரலாமாம். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. எனக்கு வெறும் கேப்ஸ்யூல்தான் வரும், என் ராசி அப்படி.

ஏப்ரல் 18
சேர்ப்பதற்கு முன் கேள்விகள். "வேற மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல."

கையெழுத்துப் போட மூக்குக்கண்ணாடியைத் தேடிப் பையைக் கவிழ்த்தேன். மாத்திரை அட்டை ஒன்று மேசையில் விழுந்தது. "அப்ப இது?"

"அது மாத்திரை இல்ல டாக்டர், நெஞ்செரிச்சலுக்குப் போடறது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். சிலருக்கு இந்த நோயைக் கிளப்பிவிடுவதே அதுதானாம். நிறுத்திப் பார்த்த பிறகுதான் ஆராய்ச்சி.

காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லி வீட்டுக்காரர் தண்ணீரோடு நீட்டுவாரே, அதே மாத்திரை. போன வருஷம் நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்தவர் பளிங்கு டாக்டர். வயிற்றால் போகிறது என்று அழுதபோது ஒன்றை இரண்டாக்கியவரும் அவரேதான். பாவி மனுஷா!

மே 3
நேற்று ஓடவில்லை. இன்றும் ஓடவில்லை. நம்பலாமா? வேண்டாம்.

மே 20
டாக்டரம்மா போனில், "நல்லாயிட்டீங்க, அதனால உங்கள ஆராய்ச்சில சேர்க்க முடியாது" என்றார். ஓர் ஆள் குறைந்த வருத்தம் குரலில் தெரிந்தது. "மறுபடி வந்தா உடனே வந்துடுங்க."

நேராகப் பளிங்கு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான்தான் அப்பவே நார்மல்னு சொன்னேனே" என்றார். நான் கதவைச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஜூன் 6
வண்டி திரும்பக் கிடைத்தது. அதே தடம். பெட்ரோல் பங்க் நெருங்கியதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பங்க்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் சாவியோடு ஓடி வந்தார். ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.