புதுப்புனல் குடத்தின் மறுபக்கம்

திரு ஓங்குக, நெல் பொலிக. கருமணியாறு பாயும் நாட்டின் கோமான், எல்லைக் கோட்டையில் வீற்றிருக்கும் திருக்கண்டவேள் அவர்கள் திருமுன்னர், தலைநகரில் முத்திரை தாங்கி ஆளும் அவர்தம் தேவி செங்கோதையார் விடுக்கும் ஓலை. கோட்டையில் யாவரும் நலமே வாழ்க. இங்கும் நலமென்று எழுதப் பணித்த தேவியார், மறுகணமே அதனை அடிக்கப் பணித்தார்.

ஆற்றில் புதுப்புனல் வருங்கால் அரசரும் தேவியும் ஒரே குடத்தை இருபுறமும் பற்றி நீர் வார்த்த பின்னரே மதகு திறப்பது நம் வழக்கம். தம் தம்பிக்குப் படைத்தலைமை வேண்டித் தேவியார் அவையில் வாதிட்டதும், அரசர் சினந்து கோட்டைக்கு ஏகியதும் ஊரறிந்தவை. புனல் வந்தது, அரசர் வரவில்லை. சடங்கின்றித் திறக்கலாகாதென்று கோயில் பட்டர் தடுத்தார். நாற்று முற்றிவரும் வேளையில் குடமும் மந்திரமும் எதற்கு, பயிர் கேட்பது நீரைத்தானே என்று தேவியார் தம் ஆணையால் மதகைத் திறப்பித்தார்.

நீர் பாய்ந்தது; வயலில் ஒரு காலும் இறங்கவில்லை. தேவியார் நேரில் சென்று வினவ, வரப்பில் நின்ற பொன்னரி என்னும் உழத்தி, நீர் வரக் கண்டோம், நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கக் காணவில்லையே தாயே என்றாள். அரண்மனை இரண்டானால் போர் வரும், எங்கள் ஆடவரை இருபக்கமும் இழுப்பீர்கள், பிறகு அறுப்பது யார் என்றும் கேட்டாள். கணவனோடு ஒரு குடம் தூக்க மாட்டாதவர் நாட்டைத் தூக்குவாராம் என்று பின்னிருந்து ஒருத்தி நகைத்ததும் தேவியார் செவியில் விழுந்தது.

அதுமுதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடம் ஏறுகிறார், இறங்குகிறார். பட்டரை அழைக்கிறார், வந்தவரை வாயிலிலேயே திருப்பி அனுப்புகிறார். கடவுளுக்கு மட்டுமென்று எண்ணிய சடங்கில் குடிகளின் அச்சமும் தீர்கிறது என்பதை அதுவரை அவர் அறிந்திலர். அரசருக்கு ஈடாக அவர் வாளைக் குடத்தருகே நிறுத்திச் சடங்கை முடிக்கலாமென்றார் பட்டர். வாளைக் கண்டால் இன்னும் அஞ்சுவரென்று தேவியார் மறுத்தார். நாற்றோ மஞ்சள் பாய்கிறது.

ஆதலின், முத்திரை தாங்கியவர் ஆணை அரசரையும் கட்டும் என்னும் முன்னோர் முறைப்படி ஆணையிடுவதாவது: ஓலை கண்டவுடன் புறப்படுக. தம்பி பொருட்டான வேண்டுகோளைத் தேவியார் கைவிட்டாரல்லர். அரசரும் சினம் தணியாவிடில் அதனை உடன் கொணர்க; குடம் பற்ற ஒரு கை போதும். குடிகள் வயலில் இறங்கியபின் மீதிச் சண்டையை அரண்மனைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

தேவியார் மொழிய எழுதினேன், ஓலைநாயகன் பொறையன் சாத்தன். முத்திரை இடப்பட்டது. இதனைக் கொணரும் வீரன் மறு ஓலை பெறற்க; அரசரோடு மட்டுமே மீள்க.